ஒன்பதாவது எதிரி சொன்னது

கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடியில் எங்கள் பதினாலு பேரையும் நிறுத்திவைத்து வக்கீல் ஒத்திகை பார்த்தார். “உள்ளே மாஜிஸ்திரேட் அம்மா என்ன கேட்டாலும் ஒரே பதில்தான். பொய். அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். சரியா?”

எல்லோரும் தலையாட்டினோம். ஆச்சி மட்டும் கேட்டாள். “பொய்யின்னா யாரு சொல்றது பொய்யி? நாம சொல்றதா, அவுக சொல்றதா?”

வக்கீலுக்கு அன்று இன்னும் இரண்டு கோர்ட்டில் வாய்தா. சிரிக்கக்கூட நேரமில்லை. “சாட்சிக்காரங்க சொன்னது பொய், ஆச்சி.”

“ரோட்டுல உக்காந்தது நெசந்தானய்யா?”

அவர் என்னைப் பார்த்தார். படித்த பையன், நீ எடுத்துச் சொல் என்று அர்த்தம். நான் குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவன். சட்டத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பொது அறிவுப் புத்தகத்தில் அடிப்படை உரிமைகள் பாடத்தில் வரும் சரத்து எண்கள்தான். 20, 21, 22 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அந்தச் சரத்துகளில் ஒன்றுதான் இப்போது ஆச்சியின் வாயில் வந்து நிற்கிறது என்பது மட்டும் தெரியாது. “வக்கீல் சொல்ற மாதிரி சொல்லிருங்க ஆச்சி” என்றேன்.

நடந்தது இதுதான். 2012 மே மாதம் எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் காயில் எரிந்துவிட்டது. ரீவைண்டிங்குக்குப் போயிருக்கிறது, நாளைக்கு வந்துவிடும் என்றார்கள். பதினெட்டு நாள் அந்த நாளைக்கு வரவில்லை. பத்தொன்பதாம் நாள் காலையில் பெண்கள் காலிக் குடங்களைக் கொண்டுபோய் மெயின் ரோட்டில் வரிசையாக வைத்தார்கள். குடங்களுக்குப் பின்னால் ஊர் உட்கார்ந்தது. டவுன் பஸ் ஒன்று நின்றது, அதன் பின்னால் ஒரு மணல் லாரி. ஒன்றரை மணி நேரம். தாசில்தார் வந்து பேசினார். அதற்குள் போலீஸ் வேன் வந்துவிட்டது. எழுந்து போகாதவர்களை ஏற்றிக்கொண்டு போய் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். லெமன் சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது எழுதிக்கொண்டு இரண்டு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ஆச்சி கைநாட்டு. சாயங்காலம் விட்டுவிட்டார்கள். மறுநாள் மோட்டார் வந்தது. கதை முடிந்தது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அடுத்த வருஷம் சம்மன் வந்தது. சட்ட விரோதமாகக் கூடியது, பொது ஊழியரின் உத்தரவை மீறியது, வழியை மறித்தது. இந்திய தண்டனைச் சட்டம் 143, 188, 341. ஆறு மாதத்துக்கு மேல் தண்டனை இல்லாத சின்னக் குற்றங்கள். இந்த மாதிரிக் குற்றங்களுக்கு நடந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் கோர்ட்டுக்கு வராவிட்டால் வழக்கே செல்லாது என்று ஒரு காலவரம்பு இருக்கிறது. எங்களுடையது அந்த ஒரு வருஷம் முடிய நாலு நாள் இருக்கும்போது தாக்கலாகியிருந்தது.

சம்மனில் என் பெயருக்கு மேல் ‘எதிரி’ என்று அச்சடித்திருந்தது. முதல் முறை பார்க்கும்போது நெஞ்சில் குத்தியது. நம் ஊர் நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதுதான் சொல். முதல் எதிரி, இரண்டாம் எதிரி. குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்பதுதான் மொத்தச் சட்டத்துக்கும் அஸ்திவாரம். அந்த அஸ்திவாரத்தின் மேல் நிற்கிற கட்டடத்தில் பெயர்ப்பலகை இப்படி. பழகிப்போன வக்கீல்களுக்கு இது காதில் விழுவதே இல்லை. முதல் எதிரி எங்கள் தெரு டெய்லர். ஏழாவது நான். ஒன்பதாவது ஆச்சி, எனக்கு அம்மா வழியில் ஆச்சி முறை, அப்போதே எழுபதைத் தாண்டியிருந்தாள்.

முதல் வாய்தாவில் ஆளுக்கு ஒரு கட்டு ஜெராக்ஸ் தந்தார்கள். உன் மேல் என்ன குற்றச்சாட்டு, யார் என்ன சாட்சி சொல்லப்போகிறார்கள், என்ன ஆவணம் இருக்கிறது என்று எல்லாவற்றையும் இலவசமாக உன் கையில் கொடுக்காமல் விசாரணை தொடங்கக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது பிரிவு 207. அதற்குப் பதிலாக வந்த புதிய பாரதிய நாகரிக சுரக்‌ஷா சம்ஹிதாவில் 230. ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று கெடுவும் சேர்த்திருக்கிறார்கள். எங்களுக்கு வந்தது கார்பன் நகலின் ஜெராக்ஸ். பாதிப் பக்கம் சாம்பல் நிறத்தில் இருந்தது. இருந்தாலும் தெருவே உட்கார்ந்து படித்தது. அதில்தான் டெய்லர் அண்ணாச்சியின் ‘ஒப்புதல் வாக்குமூலம்’ அகப்பட்டது. “நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன்” என்று தொடங்கி, கூட்டத்தைக் கூட்டியதே தான்தான் என்று ஒரு பக்கத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தார். அண்ணாச்சி இரண்டு தரம் படித்துவிட்டுக் கேட்டார்: “நான் எப்பம்லே மேற்படின்னு பேசுனேன்?”

மண்டபத்தில் போட்ட கையெழுத்து எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. நாங்கள் பயந்துவிட்டோம். வக்கீல் அந்தத் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கட்டில் திரும்பச் செருகினார். “இது செல்லாது. விடுங்க.”

ஏன் செல்லாது என்பதற்கான காரணம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் அதன் வேர் நம் மண்ணிலும் ஓடுகிறது. 1855இல் சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்து ஒரு கமிஷன் அறிக்கை கொடுத்தது. வரி வசூலுக்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்கும் ஜனங்களை என்ன பாடு படுத்தினார்கள் என்று அதில் பதிவாகியிருக்கிறது. ஆங்கில அறிக்கைதான், ஆனால் கொடுமைகளின் பெயர்களுக்கு அவர்களிடம் ஆங்கிலம் இல்லை, நம் சொற்களை அப்படியே எழுதியிருக்கிறார்கள். கிட்டி: மரக்கட்டைகளுக்கு நடுவே விரல்களைக் கொடுத்து நெரிப்பது. அண்ணாந்தாள்: கழுத்தைக் காலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக் குனிந்தபடியே வெயிலில் நிறுத்துவது. இந்த அறிக்கை வந்து ஆறு வருஷத்தில், 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அதைச் சொன்னவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்ற விதி வந்தது. 1872இல் சாட்சியச் சட்டத்தின் பிரிவு 25 ஆனது. இப்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷிய அதினியத்தில் 23. காலனி அரசே தன் போலீஸை நம்பவில்லை. சுதந்திர நாடும் அந்த அவநம்பிக்கையை அப்படியே வைத்துக்கொண்டது. நல்லதுதான் செய்தது.

ஒரு விதிவிலக்கு உண்டு. காவலில் இருக்கும் ஒருவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். “கத்தியை ஓடைப் பாலத்தடியில் போட்டேன்” என்பதில் கத்தி கிடைத்தால் அந்த வரி உள்ளே வரும். “அந்தக் கத்தியால் குத்தினேன்” என்பது வராது. மற்றபடி நாளிதழ்களில் நாம் தினமும் படிக்கிற ‘போலீஸில் பரபரப்பு வாக்குமூலம்’ இருக்கிறதே, அதற்கு நீதிமன்றத்தில் மதிப்பு கிடையாது. ஆனால் டீக்கடையில் அதுதான் தீர்ப்பு. ஒருவர் விடுதலையானதும் “அன்னிக்கே ஒத்துக்கிட்டானேப்பா, எப்படி விட்டாங்க?” என்று கேட்கிறோம். அவர் ஒத்துக்கொண்டதாக நமக்குச் சொன்னது யார் என்று கேட்பதில்லை.

கைது பற்றியும் ஒரு வார்த்தை. 1997இல் சட்ட இதழ்களில் வந்த டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் பதினொரு கட்டளைகள் போட்டது. கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ ஒருவராவது சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், உறவினர் ஒருவருக்குத் தகவல் சொல்ல வேண்டும், காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். எங்கள் மண்டபத்தில் இதில் ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலமே விட்டுவிட்டதால் நாங்களும் அதைக் கைது என்று நினைக்கவில்லை. சாப்பாடு போட்ட இடம் என்றுதான் நினைத்தோம்.

வக்கீலுக்கு ஆளுக்கு நூறு இருநூறு என்று பிரித்துக் கொடுத்தோம். ஆச்சியின் பங்கை நான் போட்டேன். 1987ஆம் வருஷச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி ஒரு பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வக்கீல் உண்டு என்பதை அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. முன்னால் கொண்டுவரப்படும் ஆளுக்கு வசதியில்லை என்றால் இந்த உரிமை இருக்கிறது என்று மாஜிஸ்திரேட்தான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று பாகல்பூர் வழக்கில் 1980 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. பீகாரில் விசாரணைக் கைதிகளின் கண்களில் அமிலம் ஊற்றிக் குருடாக்கிய கொடுமையில் பிறந்த தீர்ப்பு அது. அவர்கள் கேட்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை என்று அன்றைக்குச் சொல்லப்பட்ட பதிலை நீதிமன்றம் ஏற்கவில்லை. உரிமை இருப்பதே தெரியாதவன் எப்படிக் கேட்பான்?

அப்புறம் ஒரு வாய்தாவில் குற்றச்சாட்டின் சாரத்தைச் சொல்லி “ஒத்துக்கிறீங்களா?” என்று கேட்கும் கட்டம் வந்தது. வராண்டாவிலேயே கோர்ட் போலீஸ்காரர் ஒருவர் அக்கறையாகப் பேசினார். “எதுக்கு அலையறீங்க? ஒத்துக்கிட்டா ஆளுக்கு ஐந்நூறு ஃபைன். மத்தியானம் வீட்டுக்குப் போயிரலாம்.” மூன்று பேர் சரி என்றுவிட்டார்கள். வாய்தாவுக்கு வந்தால் நூறு நாள் வேலைக் கூலி போகிறது, பஸ் செலவு வேறு. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தடுத்தது என் சுயநலம்தான். ஒத்துக்கொண்டால் அது தண்டனை. அரசு வேலைக்குப் போலீஸ் சரிபார்ப்பில் நிற்கும். பதினாலில் மூன்று பேர் ஒத்துக்கொண்டால் மற்றவர்கள் வழக்கும் வலுவிழக்கும் என்று வக்கீல் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அவர்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

இந்தக் கட்டத்துக்கு ஒரு விதி இருக்கிறது. பிரிவு 252, இப்போது 275. ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால், அவர் பயன்படுத்திய வார்த்தைகளிலேயே, முடிந்தவரை அப்படியே, மாஜிஸ்திரேட் எழுத வேண்டும். எனக்கு மிகப் பிடித்த விதி இது. “ஆமாய்யா, உக்காந்தேன், தண்ணி வரல” என்று ஒருவர் சொன்னால் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதா, இல்லை நடந்ததைச் சொன்னதா? அந்த வார்த்தைகள் தாளில் இருந்தால் மேல் நீதிமன்றத்தில் இன்னொருவர் படித்து முடிவுசெய்யலாம். ‘எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருந்தால் அவர் என்ன சொன்னார் என்பது வராண்டாவோடு போயிற்று.

விசாரணை இரண்டு வருஷம் இழுத்தது. வி.ஏ.ஓ. அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி, பஸ் டிரைவர் அ.சா.2, இரண்டு காவலர்கள், கடைசியில் இன்ஸ்பெக்டர். சாட்சி சொல்லும்போது நாங்கள் கண்ணெதிரே நிற்க வேண்டும். எங்களுக்குப் பின்னால் எதுவும் பதிவாகக் கூடாது. வர முடியாதவர்களுக்கு வக்கீல் ‘317 போடுவார்’, அன்றைக்கு வராமலிருக்க அனுமதி கேட்கும் மனு. பஸ் டிரைவர் நல்ல மனுஷன். எங்களைப் பார்த்து, “ஆளுங்க நிறைய இருந்தாங்க, இவங்கதானான்னு சொல்ல முடியாது” என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ரூட்டில்தான் இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

சாட்சியங்கள் முடிந்ததும் 313, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு. வேப்பமரத்தடி ஒத்திகை இதற்குத்தான். இந்தியக் குற்ற வழக்கில், வக்கீலை நடுவில் வைக்காமல் நீதிபதியே குற்றம் சாட்டப்பட்டவரிடம் நேராகப் பேசும் இடம் இது. உனக்கு எதிராக இன்னின்ன சாட்சியம் வந்திருக்கிறது, இதற்கு உன் விளக்கம் என்ன? சத்தியப் பிரமாணம் கிடையாது. பதில் சொல்ல மறுக்கலாம். பொய்யே சொன்னாலும் அதற்காகத் தண்டிக்க முடியாது. மௌனம் சம்மதம் என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். அரசியலமைப்பின் சரத்து 20(3) அப்படிச் சொல்லவில்லை: தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்ட யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. சூழ்நிலைச் சாட்சிய வழக்குகளில் பொய்யான விளக்கத்தை ஒரு கூடுதல் கண்ணியாக எடுத்துக்கொள்வதுண்டு. ஆனால் மற்ற கண்ணிகளை அரசுத் தரப்பு முதலில் கோத்திருக்க வேண்டும்.

பிரமாணம் எடுத்து, கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணைக்கும் தயாராக ஒருவர் தனக்காகத் தானே சாட்சி சொல்லலாம் என்பது தனி. அதற்கு அவரே எழுத்தில் கேட்க வேண்டும். யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

1951இல் தாரா சிங் என்பவரின் கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னது. நீளமாக ஒரு கதையைப் படித்துவிட்டு “என்ன சொல்கிறாய்?” என்று கேட்டால் போதாது, ஒவ்வொரு முக்கியமான சங்கதியையும் தனித்தனியாக, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கும் புரியும் விதத்தில் கேட்க வேண்டும், படித்தவனாகவே இருந்தாலும் கொலைக் குற்றம் சுமந்து நிற்கும்போது மனம் கலங்கித்தான் இருக்கும். இந்த வரியின் கருணை எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. கேட்கப்படாத சங்கதியை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளவும் முடியாது. 1984இல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில், கீழ் நீதிமன்றங்கள் தூக்குத் தண்டனை கொடுத்திருந்த நிலையில், 313இல் கேட்காத சங்கதிகளை உச்ச நீதிமன்றம் தூக்கி ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் மீதியைப் பார்த்தது. அவர் விடுதலையானார். 2023இல்கூட, தில்லிக் கொலை வழக்கு ஒன்றில் ராஜ்குமார் என்பவர், அவருக்கு எதிராக இருந்த முக்கியமான சங்கதியை அவரிடம் யாரும் கேட்கவே இல்லை என்பதற்காக விடுதலையானார். அவர் சிறையில் கழித்த வருஷங்கள் கழித்தவைதான்.

இதைப் படித்தால் சிலருக்குக் கோபம் வரும். ஒரு கேள்வி கேட்க மறந்ததற்குக் கொலைகாரனை விடுவதா என்று. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ‘ஆயிரம் குற்றவாளிகள் தப்பலாம்’ என்று தொடங்கும் வசனம்வேறு நம் மண்டையில் ஏறியிருக்கிறது; குற்றவாளியைத் தப்பவிடுவதற்கே இந்த விதிகள் என்று நினைக்கவைக்கும் வசனம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒருவனைப் பற்றி ஊரே பேசி முடித்த பிறகு, அவனைக் கூப்பிட்டு “நீ என்னப்பா சொல்ற?” என்று கேட்காமல் முடிவெடுக்கும் பஞ்சாயத்தை எந்த ஊராவது ஒத்துக்கொள்ளுமா?

சரி, எங்கள் 313க்கு வருகிறேன். டவாலி முதல் எதிரியின் பெயரைச் சொல்லி “வகையறா” என்று கூப்பிட்டார். வரிசையாக நின்றோம். மாஜிஸ்திரேட் இளம் பெண். முப்பது வயதுகூட இருக்காது. மேஜையில் ஆளுக்கு ஒரு தாள். கேள்விகள் டைப் செய்திருந்தன. கேள்விக்குக் கீழே ‘பதில்’ என்ற இடத்தில் ‘பொய்’ என்பதும் சேர்த்தே டைப் ஆகியிருந்தது. கையெழுத்துப் போடக் குனிந்தபோதுதான் பார்த்தேன். நாங்கள் வேப்பமரத்தடியில் ஒத்திகை பார்ப்பதற்கு முன்பே எங்கள் பதில் அச்சாகிவிட்டது.

டெய்லர் அண்ணாச்சிக்கு எல்லாக் கேள்வியையும் வாசித்தார்கள். “அ.சா.1 கிராம நிர்வாக அலுவலர், நீங்கள் உள்ளிட்ட பதினாலு பேர் சாலையை மறித்ததாகச் சொல்லியிருக்கிறாரே, அதுபற்றி என்ன சொல்கிறீர்கள்?” பொய். “அ.சா.2…” பொய். நாலாவது ஆளுக்கு வரும்போது “உங்களுக்கும் அதே கேள்விதான், பொய்யா?” என்று சுருங்கிவிட்டது. எனக்குப் பத்து விநாடி ஆகியிருக்கும். அந்த அறையில் அன்றைய பட்டியலில் எத்தனையோ வழக்கு. கதவுக்கு வெளியே ரிமாண்டுக்கு இரண்டு பையன்கள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாவை நான் குறை சொல்லவில்லை.

ஒன்பதாவது எதிரி. “பாட்டி, உங்களுக்கும் பொய்தானே?”

ஆச்சி காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு முன்னால் நகர்ந்தாள். “கேக்கலையேம்மா. கொஞ்சம் சத்தமா.”

மாஜிஸ்திரேட் சத்தமாக, இந்த முறை முழுக் கேள்வியையும் வாசித்தார். நீங்கள் ரோட்டை மறித்ததாக வி.ஏ.ஓ. சொல்கிறாரே.

“ஆமா யம்மா, உக்காந்தோம். பதினெட்டு நாளாத் தண்ணி வரல. பஸ்ஸ மறிக்கணும்னு உக்காரல. மறிச்சாத்தான் ஆபீசருமாரு வருவாகன்னு உக்காந்தோம். வந்தாகல்லா.”

வக்கீலின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அரசு வக்கீலான ஏ.பி.பி. நிமிர்ந்தார். ஸ்டெனோவின் கை நின்றுவிட்டது. மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “நீங்க சொல்றது உங்களுக்கு எதிராப் போகலாம், தெரியுமா? சொல்லணும்னு கட்டாயம் இல்ல” என்றார். நிதானமாகத்தான் சொன்னார். அன்று அந்த அறையில் எனக்குப் புரிகிற தமிழில் ஒரு சட்டம் பேசப்பட்டது அப்போதுதான்.

“எழுதிக்கிடுங்கம்மா” என்றாள் ஆச்சி. “மோட்டாரு எரிஞ்சதயும் எழுதுங்க.”

மாஜிஸ்திரேட் அந்தத் தாளை இழுத்து, அச்சாகியிருந்த ‘பொய்’யைக் கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டார். அதன் மேல், வரிக்கும் வரிக்கும் இடையில் இருந்த கொஞ்ச இடத்தில், தன் கையாலேயே எழுதினார். திரும்ப வாசித்துக் காட்டினார். ஆச்சி “ஆமா” என்றாள். கட்டைவிரலில் மையைத் தடவினார்கள். பத்தாவது எதிரி வழக்கம்போல “பொய்” என்றார்.

வெளியே வந்ததும் வக்கீல் கத்தினார். அவருடைய கோபம் நியாயம்தான். 313 பதிலை வழக்கில் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. அதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. ஆனால் தட்டுத்தடுமாறி நிற்கும் அரசுத் தரப்புக்கு அது ஊன்றுகோல் ஆகலாம். அதே சமயம் அந்தக் கத்தி இரு பக்கமும் வெட்டும். ஆச்சி உட்கார்ந்ததை எடுத்துக்கொண்டால் பதினெட்டு நாளையும் எடுத்துக்கொள்ள வேண்டும். 2018இல் ரீனா ஹசாரிகா என்ற அஸ்ஸாம் பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். கணவனைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர் 313இல் ஒரு விளக்கம் கொடுத்திருந்தார். கீழே யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. 313 வெறும் சடங்கு அல்ல, சொன்ன விளக்கத்தை ஏற்கலாம், தள்ளலாம், ஆனால் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது என்று சொல்லி அவரை விடுதலை செய்தது.

அதே 2018 செப்டம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஜீவானந்தம் வழக்கில் இன்னொன்றைச் சொன்னது. 188க்குப் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போடவே முடியாது, உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலே இருப்பவரோ எழுத்துப் பூர்வமாக மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுத்தால்தான் உண்டு. பழைய சட்டத்தில் 195ஆம் பிரிவாக அது அத்தனை வருஷமும் அங்கேயேதான் இருந்தது. அந்தத் தீர்ப்பைக் காட்டித் தமிழ்நாட்டில் எத்தனையோ மறியல் வழக்குகள் ரத்தாயின. எங்கள் வழக்கு மூன்று வருஷம் முந்தியே முடிந்துவிட்டது.

2024 ஜூலை 1 முதல் 313 போய் 351 வந்துவிட்டது. வராண்டாக்களில் இன்னும் 313 என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். கேள்விகளை இரு தரப்பு வக்கீல்களின் உதவியோடு தயாரிக்கலாம், எழுதிக் கொடுத்தாலே போதும் என்கிற வசதி 2009லிருந்தே இருக்கிறது. வசதிதான். ஆனால் எழுதிக் கொடுத்தால் “கேக்கலையேம்மா” என்று யாரும் முன்னால் நகர்ந்து வர மாட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு. பதினாலு பேரும் விடுதலை. டிரைவர் அடையாளம் காட்டவில்லை, தனிச் சாட்சிகள் இல்லை, சந்தேகத்தின் பலன். வக்கீல் லட்டு வாங்கிக் கொடுத்தார். ஆச்சிக்கும் ஒன்று. கொஞ்ச நாளில் தீர்ப்பின் நகல் கிடைத்தது, நாலு பக்கம். என் சரிபார்ப்புக்கு வேண்டும் என்று நான்தான் மனு போட்டு வாங்கினேன். பின்னால் எனக்கு வேலை கிடைத்தது. இப்போது ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க ‘மேற்படி’ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நகல் வாங்கப் போன அன்று ஆச்சியும் ஆஸ்பத்திரி வேலையாக டவுனுக்கு வந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்து, “வாசில” என்றாள். வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் அது வந்தது. “எதிரிகளை கு.வி.மு.ச. பிரிவு 313ன் கீழ் வினவியபோது, எதிரிகள் அனைவரும் தங்களுக்கு எதிரான சாட்சியங்களைப் பொய் என மறுத்துள்ளனர்.”

“மோட்டாரு எரிஞ்சது எங்க வருது?”

முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்தேன். இல்லை ஆச்சி, அது வரவில்லை என்றேன்.

அந்தம்மா எழுதுச்சே, நான் பார்த்தேனே, என்றாள். எழுதியது வேறு தாள், அது கட்டில் இருக்கும், இது தீர்ப்பு என்று விளக்கினேன். அவளுக்கு ஒப்பவில்லை. பஸ் வந்தது. அதே டிரைவர்தான், ஆச்சியைப் பார்த்துச் சிரித்து, ஏறும்வரை நிறுத்தி வைத்திருந்தார். சீட்டில் உட்கார்ந்து முந்தானையில் முடிந்திருந்த சில்லறையை எடுத்தவள், என் பக்கம் திரும்பினாள்.

“அந்தக் கடைசிப் பக்கத்த மட்டும் இன்னொருக்க பாருலே.”